அமெரிக்காவுக்கு ஒரு கைசென்

மாதக் கடைசி வந்தால் அந்தக் கம்பெனியில் ஆளுக்கொரு யோசனை எழுதித் தர வேண்டும். வேலையை இன்னும் நன்றாகச் செய்வது எப்படி என்பதற்கான யோசனை. ஜப்பான்காரர்கள் அதற்குக் கைசென் என்று பேர் வைத்தார்கள். ஒசூர் சிப்காட்டில் வேலைக்குப் போகிறவர்களில் அந்தப் பேர் தெரியாத ஆள் குறைவு. அதற்கான ஃபாரத்தில் ஒரு பிரச்சினையை எழுதி, 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். எழுதித் தராவிட்டால் வாசல் பலகையில் அந்தப் பிரிவுக்கு எதிரே சிவப்பு வட்டம் விழும். சிவப்பு விழுந்தால் மேனேஜர் கூப்பிடுவார். ஆகவே யோசனை வந்தே தீரும். போன மாதம் ஒருத்தி, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பலாம் என்று எழுதினாள். இந்த மாதம் இன்னொருத்தி, திருப்பிய ஃபேனைப் பழையபடி திருப்பலாம் என்பாள். இரண்டும் ஏற்றுக்கொள்ளப்படும். இரண்டு பேருக்கும் ஒரு சோப்பு டப்பா பரிசு.

பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் மெல்வின். பி.இ. படித்தவன், முப்பத்தொரு வயது. அவனுக்குக் கீழே இருபத்துநாலு பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். அமெரிக்காவில் வீட்டுக்கு முன்னால் புல் வளர்த்து அதற்குத் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தக் குழாய்க்கான பித்தளை வால்வுதான் அவர்கள் அடைப்பது. பெட்டிக்கு ஆறு வால்வு, ஒரு எச்சரிக்கைத் தாள்.

அவன் மனைவி ஃபெபா இறந்து பதினாலு மாதம். டெங்கு. ஆறே நாள். அதற்குப் பிறகு அவன் யாரோடும் சண்டை போட்டதில்லை. எதையும் மறுத்ததும் இல்லை. கேட்டதற்கெல்லாம் "சரி" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கம்பெனியில் நல்ல பேரும் வாங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் மோகன்குமார் அவனை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டாரிஃப் விஷயம் தெரியும்ல மெல்வின்? ஃபிஃப்டி பர்சென்ட். யுஎஸ் கஸ்டமர் ஆர்டரைக் குறைச்சுட்டாங்க. ஹெட் ஆபீஸ்ல பேக்கிங்ல நாலு பேரை எடுக்கச் சொல்றாங்க."

"சரி சார்."

"ஆயுத பூஜை அன்னைக்குப் பொரி, சுண்டல் எல்லாம் குடுத்து நல்லபடியா அனுப்பிடலாம். யார் யாருன்னு நீங்களே பாருங்க. சனிக்கிழமைக்குள்ள பேர் வேணும்."

"சரி சார்."

மோகன்குமார் கெட்டவர் இல்லை. இரண்டு "சரி" கேட்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "டீ சாப்பிடறீங்களா?" என்றார். அதற்கும் மெல்வின் சரி என்றான்.

மேசைக்கு வந்ததும் வருகைப் பட்டியலைத் திறந்தான். டோக்கன் எண் வரிசையில் இருந்தது. கடைசி நாலு பேரைக் குறித்தான்: இருபத்தொன்று முதல் இருபத்துநாலு வரை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே ஏதாவது வலிக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டான். ஒன்றும் இல்லை. சனிக்கிழமை அனுப்பலாம் என்று மூடி வைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் ஆபீஸ்காரர்கள் மேசைக்குப் போவதில்லை. அங்கே ஆறுதல் சொல்வார்கள். பேக்கிங் பெண்கள் உட்காரும் நீள மேசையின் கோடியில் தட்டை வைத்துக்கொள்வான். அவர்கள் அவனைக் கண்டுகொள்ளாமல் பேசுவார்கள். அது அவனுக்குத் தோதாக இருந்தது.

"நாலு பேராம்ல?" என்றாள் வீரலட்சுமி.

அறைக் கதவைச் சாத்திப் பேசிய பேச்சு, அவன் படி இறங்குவதற்குள் லைனுக்கு வந்து சேர்ந்திருந்தது. வீரலட்சுமி சாத்தூர்ப் பக்கம். தீப்பெட்டி ஆபீசை விட்டுவிட்டு ஒசூருக்கு வந்து ஆறு வருஷம். ஜூஜுவாடியில் வீடு. கம்பெனி பஸ்ஸில் வரும்போதே தினசரியைத் தலைப்பிலிருந்து அச்சகத்தின் பேர் வரை படித்துவிடுவாள்.

"எல்லாம் அந்த அமெரிக்கா வரிதான்," என்றாள் காவேரிப்பட்டினத்துச் செல்லி. "அவன் ஊரு, அவன் வரி போடறான். நாம என்னாத்தப் பண்றது?"

"போடட்டும். கட்டுறது யாரு?"

"நாமதான்."

"நீ கட்டுனியாக்கும்? சீட்டு எங்க, காட்டு பாப்போம். ஏ புள்ள, அங்க புல்லுக்குத் தண்ணி விடுறாம்பாரு, அவன்தான் கட்டுறான். அவுக அரசாங்கம் அவுக சனத்துக்கிட்ட வாங்குது."

"ஹௌதா?" என்று கன்னடத்தில் வியந்தாள் நஞ்சம்மா. கர்நாடக எல்லையோரத்துத் தளி ஊர்க்காரி. அப்படியா என்பது அவள் வாயில் எப்போதும் ஹௌதாதான். "அப்ப நமக்கு என்ன நஷ்டம்?"

"வெல கூடிப்போச்சுன்னு அவன் பாதி வாங்குறான். வரி அவனுக்கு, வேல போறது நமக்கு."

"மாடு திங்காத புல்லுக்கு எதுக்குத் தண்ணி ஊத்தறாங்கன்னுதான் எனக்கு மொதல்லருந்து வெளங்கல," என்றாள் செல்லி. "பெட்டியில வெக்கறமே தாளு, அதுல என்னா போட்டிருக்குது தெரியுமா? இந்த வால்வ முழுங்கக் கூடாதாம். சார்தான் ஒரு நாளு படிச்சுச் சொன்னாரு. வால்வ எவன் முழுங்குவான்? அந்த மாதிரி ஆளுங்க ஓட்டுப் போட்டா இப்பிடித்தான் நடக்கும்."

மேசை சிரிப்பில் குலுங்கியது. மெல்வின் மோரை ஊற்றிக்கொண்டான்.

"எங்க ஹவுஸ் ஓனரம்மா மூணு நாளா சாப்பிடல," என்றாள் நஞ்சம்மா. "பையன் டெக்சாஸ்ல இருக்கான். புதுசா விசா வாங்கறதுன்னா லட்சம் டாலராம். பூஜை ரூமுல உக்காந்துட்டு அந்த அதிபர் பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டறா."

"லட்சம் டாலரா! அத வெச்சு எங்க ஊர்ல பாதிய வாங்கிப்புடலாமே."

"பாதி வரி ரஷ்யாக்காரன்கிட்ட எண்ண வாங்குனதுக்காம்," என்றாள் வீரலட்சுமி.

"நான் வாங்கறது ரேஷன் பாமாயிலு. என்னைய எதுக்கு இழுக்கறாங்க?" செல்லிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "சார், நீங்க சொல்லுங்க. என்னைய எதுக்கு இழுக்கறாங்க?"

"தெரியலங்க," என்றான் மெல்வின்.

"பாத்தியா, சாருக்கு 'சரி' தவிர இன்னொரு வார்த்தையும் தெரியுது," என்றாள் நஞ்சம்மா.

வீரலட்சுமி கையைக் கழுவிவிட்டு வந்து, "சார், இந்த மாசத்துக் கைசென் ஃபாரம் இருக்கா?" என்று கேட்டாள். "பத்துப் பேருக்கு மேல சேந்து எழுதுனா குழுக் கைசென்தான்? எல்லாருக்கும் கணக்குல வந்துருமா?"

"வரும்."

"அப்ப ஒண்ணு குடுங்க. இந்த மாசம் ஃபேனு வேண்டாம்."

புதன்கிழமை மத்தியானம் ஃபாரம் அவன் மேசைக்கு வந்தது. இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, கீழே இருபத்துநாலு கையெழுத்து. அவன் கையெழுத்துகளை மட்டும் எண்ணினான். இருபத்துநாலும் இருந்தன. இருபத்துநாலு யோசனைகளைத் தனித்தனியாகப் படித்துப் பார்க்கும் வேலை மிச்சம். 'பரிசீலித்தேன்' என்ற இடத்தில் தானும் கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலம் மோகன்குமார் இன்னொரு தாளைக் கொடுத்தார். வரி முடியும்வரை சரக்கை எப்படித் தடையில்லாமல் அனுப்புவீர்கள், ஆள் ஏற்பாடு என்ன என்று அமெரிக்கக் கம்பெனி தன் இணையதளத்தில் கேட்டிருந்தது. அதற்கு அவர் தயாரித்த திட்டம். "ஸ்கேன் பண்ணி ஏத்திடுங்க மெல்வின். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"சரி சார்."

இரண்டு தாளையும் ஒரே மெஷினில் ஸ்கேன் எடுத்தான். மெஷின் பேர் வைக்காது, எண்தான் வைக்கும். ஒன்று 0417, இன்னொன்று 0418. ஒன்றை ஏற்றினான். இன்னொன்றை கைசென் கோப்பில் போட்டான். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அமெரிக்காவோடு வீடியோ கூட்டம். அங்கே காலை ஒன்பது. திரையில் வந்த அம்மாளின் பேர் மார்லீன். அறுபதை ஒட்டிய வயது. நரைத்த முடி, நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, கையில் வாளி அளவுக்குக் காப்பிக் கோப்பை. ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர். வாங்கும் வால்வுகளின் தரத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஆறு வருஷமாக மோகன்குமாரைக் கேள்வி கேட்டே இளைக்க வைத்தவர்.

"உங்கள் திட்டத்தைப் படித்தேன்," என்றார் ஆங்கிலத்தில்.

"தேங்க்யூ மேடம்."

"போனை வைத்து மொழிபெயர்த்துப் படித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது."

மோகன்குமார் தன் திட்டத்தைத் தட்டச்சில்தான் அடித்திருந்தார். அவர் முகம் மெதுவாக மெல்வின் பக்கம் திரும்பியது. மார்லீன் திரையில் அந்தத் தாளைக் காட்டினார். இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய தாள். மெல்வின் அதை முதல் தடவையாகப் படித்தான்.

*பிரச்சினை: அமெரிக்கா நம் வால்வுக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டது. ஆர்டர் குறைந்தது. நாலு பேருக்கு வேலை போகப் போகிறது.*

*ஏன் 1: ஏன் வரி போட்டார்கள்? ரஷ்யாவில் எண்ணெய் வாங்கினோம் என்று பாதி. அவர்களுக்கு நிறைய விற்று, அவர்களிடம் கொஞ்சமாக வாங்குகிறோம் என்று பாதி.*

*ஏன் 2: ஏன் கொஞ்சமாக வாங்குகிறோம்? விமானமும் பாதாம்பருப்பும் எங்கள் வீட்டில் தினமும் தேவைப்படுவதில்லை.*

*ஏன் 3: ஏன் அவர்கள் நம்மிடம் வால்வு வாங்கினார்கள்? அங்கே செய்தால் கூலி கட்டாது.*

*ஏன் 4: பிறகு ஏன் அங்கேயே செய்யச் சொல்கிறார்கள்? அங்கேயும் வேலை போனவர்கள் இருக்கிறார்கள்.*

*ஏன் 5: அவர்களுக்கு ஏன் வேலை போனது? அவர்கள் முதலாளி கூலி குறைந்த ஊர் தேடிப் போனார்.*

*மூல காரணம்: வேலை போனவருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். முதலாளி சொல்லவில்லை. அரசாங்கம் எங்களைக் கைகாட்டுகிறது.*

*நடவடிக்கை 1: அமெரிக்க அரசு வரியை எடுக்க வேண்டும்.*

*நடவடிக்கை 2: அதுவரை நாலு பேரை நிறுத்த வேண்டாம். இருபத்துநாலு பேரும் முறை போட்டு வாரம் ஒரு நாள் வீட்டில் இருக்கிறோம். இருபது பேர் ஆறு நாள் செய்வதும், இருபத்துநாலு பேர் ஐந்து நாள் செய்வதும் கணக்கில் ஒன்றே.*

*பலன்: தரம், பாதுகாப்பு, மன உற்சாகம் (மூன்றும்). செலவு: இல்லை.*

"மேடம், சின்னத் தவறு நடந்துவிட்டது," என்று ஆரம்பித்தார் மோகன்குமார்.

"முப்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஐந்து ஏனையும் ஏமாற்றாமல் எழுதிய தாளை இப்போதுதான் பார்க்கிறேன். முதல் கையெழுத்து யாருடையது? அவரோடு பேச வேண்டும்."

வீரலட்சுமி கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தாள். மெல்வின் போய்க் கூப்பிட்டான். அவள் ஒருத்தியைத்தான் கூப்பிட்டான். மேனேஜர் ரூமுக்கு ஒருத்தி தனியாகப் போனால் திரும்பி வரும்போது வேலை இருக்காது என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். இருபத்துநாலு பேரும் இறங்கினார்கள். ஆளில்லாத பஸ்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டிரைவரும் பின்னாலேயே வந்தார். ஏ.சி. அறை நிறைந்துவிட்டது.

"அய்யோ, எவ்வளவு பெரிய டம்ளரு!" என்றாள் செல்லி, திரையைப் பார்த்து.

"என்ன சொல்கிறார்?" என்றார் மார்லீன்.

"வணக்கம் சொல்கிறார்," என்றான் மெல்வின்.

வீரலட்சுமி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "சார், சொன்னத சொன்னபடி சொல்லுங்க. பாலிஷ் போட வேண்டாம். அதுக்கு வேற டிபார்ட்மென்ட் இருக்கு."

மெல்வின் டம்ளரைப் பற்றிச் சொன்னான். மார்லீன் சிரித்துக்கொண்டே கோப்பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பாதிதான் என்றார்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். அவன் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னான். பதினாலு மாதத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை. நஞ்சம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இவங்க அப்பாவும் வால்வு கம்பெனியிலதான் வேலை பார்த்தாராம். இவங்களுக்குப் பதினாலு வயசு இருக்கும்போது அதை மூடிட்டாங்களாம்."

"அப்பா பேரு என்னன்னு கேளுங்க," என்றாள் வீரலட்சுமி.

"வால்டர்."

"அப்ப அந்த வால்டர் அய்யா பாத்த வேலையத்தான் நாம பாக்குறமா?"

மெல்வின் கேட்டான். அப்படித்தான் போலிருக்கிறது, அதை இப்படி யோசித்ததில்லை என்றார் மார்லீன்.

"இந்த வரியால அவுக ஊருக்கு அந்தக் கம்பெனி திரும்ப வருமான்னு கேளுங்க சார்."

அதற்கு மார்லீன் நிறையப் பேசினார். மோகன்குமார் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

"கம்பெனி இருந்த இடத்துல இப்ப கொடவுன் இருக்காம். வீட்டுல எடம் பத்தாதவங்க சாமானை வாடகைக்குப் போட்டு வெக்கற கொடவுன். வரி போட்டா கொடவுன் வால்வு செய்யாதுங்கறாங்க. போன மாசம் இவங்க தோட்டத்துக்கே ஒரு வால்வு வாங்கினாங்களாம். நம்ம வால்வுதான். விலையப் பாத்துட்டுக் கடைக்காரரோட சண்டை போட்டாங்களாம்."

"சொன்னேன்ல? கட்டுறது அவுகதான்," என்றாள் வீரலட்சுமி, செல்லியைப் பார்த்து.

"ஆனா இன்னொண்ணும் சொல்றாங்க. வரி வேண்டாம்னு டிவியில பேசற பெரிய மனுஷங்களும் முப்பது வருஷமா எங்க ஊர்ப் பக்கம் எட்டிப் பாக்கலங்கறாங்க. வரி போடறேன்னு சொன்ன ஆளாவது வந்து மேடையில ஏறினாராம். ஜனங்க கை தட்டினது வரிக்கு இல்லியாம், வந்ததுக்காம். உங்க ஃபாரத்துல அது விட்டுப்போச்சு, அதுதான் ஆறாவது ஏன்ங்கறாங்க."

"இது எங்க ஊரு மாதிரியேதான் இருக்கு," என்றார் பஸ் டிரைவர்.

"எழுதிக்கிறேன்னு சொல்லுங்க," என்றாள் வீரலட்சுமி. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்தும் கொண்டாள். அது மோகன்குமாரின் பேனா.

மார்லீன் கண்ணாடியைக் கீழே இறக்கினார். குரல் மாறியது. தாளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மெல்வின் அதைத் தமிழில் சொல்லவில்லை.

"என்ன சார் கேக்குறாக?"

"அந்த நாலு பேர் யாருன்னு முடிவு பண்றது யாருன்னு கேக்கறாங்க."

"யாரு?"

"நான்," என்றான் மெல்வின். ஆங்கிலத்திலும் சொன்னான்.

"முடிவாயிருச்சா?"

"செவ்வாய்க்கிழமையே."

"அதுல நான் இருக்கனா சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி சொல்லச் சொல்லியிருந்தாள். அரை மணி நேரமாக அவனும் அப்படியே சொல்லி வந்திருந்தான். "இருக்கீங்க," என்றான்.

"ஏன்?"

அவள் வேலையில் குறை கிடையாது. லீவு போடுகிறவளும் இல்லை. "டோக்கன் நம்பர் கடைசியா இருந்துச்சு," என்றான்.

"போன வருஷம் கான்ட்ராக்டரு மாறுனப்ப எல்லாத்துக்கும் புது நம்பர் குடுத்தாக. அன்னைக்கு நான் வரிசையில பின்னாடி நின்னேன். அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் இங்கதான இருந்தேன்? உங்க கல்யாணத்துக்குக்கூட வந்து சாப்புட்டுப் போனேனே சார்."

"பாக்கல. எதையும் பாக்கல. நம்பரை மட்டும் பாத்தேன்." "அது தப்பு," என்றான்.

வீரலட்சுமி அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீகளா? நாம அமெரிக்காவத் திட்டிக்கிட்டு இருக்கோம். இங்க நம்ம சாரே பட்டியலத் தெறந்து கண்ண மூடிக் கைவெச்சு நாலு பேருக்கு வரி போட்டுருக்காரு."

முதலில் சிரித்தது நஞ்சம்மா. அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு. மெல்வினுக்கு முகம் சுட்டது. பதினாலு மாதமாக அவனிடம் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள். கன்னத்தில் அறைந்த மாதிரி யாரும் பேசியதில்லை. வலித்தது. வலித்ததும், ஏனோ, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன சொன்னார்? எல்லோரும் சிரிக்கிறார்களே?" என்றார் மார்லீன்.

அவன் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். மார்லீன் சிரித்த சிரிப்பில் காப்பி மேசையில் சிந்தியது. துடைத்துவிட்டுத் தட்டச்சுப் பலகையை இழுத்துக்கொண்டார். அடிக்கும் சத்தம் ஒசூர் வரை கேட்டது.

"மேடம், அந்த இரண்டாவது நடவடிக்கை எங்களுடைய உள் விஷயம்," என்றார் மோகன்குமார்.

"நீங்கள்தானே ஏற்றினீர்கள்? சூப்பர்வைசர் கையெழுத்தும் இருக்கிறது. கெடுவுக்குள் வந்தது. எனக்குப் பழகிய கைகள் வேண்டும். நாலு பேரைப் போகவிட்டு, ஆர்டர் திரும்பும்போது நாலு புது ஆளை வைத்துப் பெட்டி மாற்றி அனுப்புவீர்கள். இரண்டாவது நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். பொறுப்பு, மெல்வின். அக்டோபர் ஆறு முதல். ஆதாரமாக முறைப் பட்டியல் வேண்டும்."

"முதல் நடவடிக்கை?" என்று மெல்வின் கேட்டான். யாரும் கேட்கச் சொல்லவில்லை. தானாகவே கேட்டான்.

"அமெரிக்க அரசு வரியை எடுக்க வேண்டும் என்பதா? அதற்கும் பொறுப்பாளர் பேர் போட்டாயிற்று. மார்லீன். கெடு, அடுத்த வருஷம் நவம்பர் மூன்று. அன்றைக்கு எங்களுக்குத் தேர்தல். யாருக்குப் போடுவேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் ஐந்து ஏன் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். ஆறு வருஷமாக உங்கள் மேனேஜரைக் கேட்கிறேனே, அந்த மாதிரி."

அதைத் தமிழில் கேட்டதும் பெண்கள் கை தட்டினார்கள். மோகன்குமாரும் தட்டவேண்டியதாயிற்று.

திரை அணைந்தது. மோகன்குமார் இணையதளத்தை ஒரு தடவை புதுப்பித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். மார்லீன் அடித்த இரண்டு நடவடிக்கைகளும் மஞ்சள் நிறத்தில் அசையாமல் இருந்தன. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட நடவடிக்கையை முடிக்காமல் விட்டால் அடுத்த தணிக்கையில் கம்பெனி மாட்டும். இதை இருபது வருஷமாக மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான்.

"மெல்வின், தப்பான ஃபைலை ஏத்திட்டீங்க," என்றார்.

"ஆமா சார்."

"உங்களுக்கு மெமோ குடுக்கணும்."

"குடுங்க சார்."

அவர் வெகுநேரம் தாடையைத் தடவினார். பிறகு ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டார். "சார், பேக்கிங்ல ஒரு குழுக் கைசென் பண்ணியிருக்கோம். ஆமா, என் கைடன்ஸ்லதான்..." என்று ஆரம்பித்தது பேச்சு. மெல்வின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

சனிக்கிழமை காலை லைனில் பெரிய போர். வாரத்தில் ஆறு வேலை நாள். நாளுக்கு நாலு பேர் வீட்டில் இருக்கலாம். இருபத்துநாலு பேரில் பதினேழு பேர் சனிக்கிழமை கேட்டார்கள்.

"சீட்டுப் போட்டுருங்க சார்," என்றாள் நஞ்சம்மா.

"வேண்டாம்," என்றான் மெல்வின். ஒரு நீளத் தாளில் கோடு போட்டுக்கொண்டு லைனில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பேர், நாள், அதற்குப் பக்கத்தில் காரணம். ஒவ்வொருத்தரிடமும் கேட்டான். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது, அவர்கள் அடைத்துக்கொண்டே பதில் சொன்னார்கள்.

வீரலட்சுமிக்குச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சாத்தூர் பஸ் பிடித்தால் இரண்டு நாள் பிள்ளையோடு இருக்கலாம். பிள்ளை அங்கே ஒன்பதாவது படிக்கிறது. ஆறு வருஷத்தில் அவளுக்குப் பிள்ளை இருப்பதே மெல்வினுக்குத் தெரியாது.

நஞ்சம்மா செவ்வாய்க்கிழமை கேட்டாள். "அன்னைக்கு எங்க வீட்ல கறி கிடையாது. ரசம் வெச்சாப் போதும். வீட்ல இருந்தாலும் வேல கம்மி."

ஒருத்திக்கு வங்கிக்குப் போக வேண்டும். ஒருத்தி வேப்பனப்பள்ளியில் தங்கை வீட்டு மாந்தோப்புக்கு ஒத்தாசைக்குப் போவாள். ஒருத்தி தட்டச்சு படிக்கப் போகிறாளாம், நாற்பது வயதில். சனிக்கிழமை கேட்ட பதினேழு பேரில், காரணம் கேட்டதும் ஒன்பது பேர் தாங்களாகவே வேறு நாளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் எட்டுப் பேரை அவன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று பிரித்தான்.

கடைசியில் செல்லி. "வியாழக்கிழம குடுங்க சார்."

"ஏன்?"

"ஏன்னா... சும்மாத்தான்."

"சும்மான்னா?"

"படுத்துக் கெடக்கணும் சார். கல்யாணமாகிப் பதினஞ்சு வருசம் ஆவுது. ஒரு நாளாவது வெளிச்சம் வந்த பொறவும் எந்திரிக்காமப் படுத்துக் கெடக்கணும். வீட்ல கேட்டா டூட்டின்னு சொல்லிருவேன், எங்க தங்கச்சி வூட்ல போயிப் படுத்துக்குவேன்."

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். மெல்வின் எழுதினான்.

மத்தியானம் பட்டியல் மோகன்குமாரிடம் போனது. அவர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றார்.

"செல்லி, வியாழன், காரணம் படுத்துக் கிடக்க... மெல்வின், இது அமெரிக்காவுக்குப் போற டாக்குமென்ட். அந்தக் காரணம் போட்ட கட்டத்தை எடுத்துருங்க."

"வேண்டாம் சார்," என்றான் மெல்வின். "இருக்கட்டும்."

மோகன்குமார் நிமிர்ந்து பார்த்தார். இந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் வெகுநாளாகக் கேட்டதில்லை. "ஏன்?" என்றார்.

"கேட்டேன், சொன்னாங்க. சொன்னதை எழுதியிருக்கேன்."

அவர் பேனாவைத் தேடினார். அது வீரலட்சுமியிடம் இருந்தது. மெல்வினின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.